ஜுன்-வெய்யின் எஞ்சின்

“அந்தச் சனியனைத் தூக்கிக் காயலான் கடையில போடு தம்பி! வேற எஞ்சின் வை!”

போ-ஜூ அக்கா போட்ட சத்தத்தில் என் ஒர்க் ஷாப்பே அதிர்ந்தது. எங்கள் ஊர் டோங்காங் துறைமுகத்து மீன் மார்க்கெட்டில் நாள் பூரா கூவிக் கூவி விற்ற தொண்டை. மெதுவாகப் பேச வராது.

பக்கத்தில் அவள் மருமகள் பெய்-லின், கையில் கிடைத்த பழைய துணியால் வேனின் பானட்டைத் துடைத்துக்கொண்டு நின்றாள். துடைக்க அதில் ஒன்றுமே இல்லை.

வேன் பெய்-லினின் புருஷன் ஜுன்-வெய்யுடையது. எட்டு வருஷத்துக்கு முன்னால் சூரை மீன் பிடிக்கக் கடலுக்குப் போனவன். போன கப்பலும் வரவில்லை, அவனும் வரவில்லை. மாமியாரும் மருமகளும் அந்த வேனில்தான் மீன் ஏற்றிப் பிழைப்பை ஓட்டுகிறார்கள்.

இன்றைக்கு வழியில் ரேடியேட்டர் குழாய் வெடித்திருக்கிறது. தண்ணீர் போனது தெரியாமல் பெய்-லின் ஓட்டியிருக்கிறாள். எஞ்சின் கொதித்து, இறுகி நின்றுவிட்டது. ஐஸ் கடை அ-ரென்தான் தன் லாரியில் கயிறு கட்டி இழுத்து வந்தான். வந்தவன் போகாமல் வாசலிலேயே நின்றான்.

“சரி பண்ண முடியுமா அண்ணே?” என்று கேட்டாள் பெய்-லின்.

“முடியும்மா. எல்லாத்தையும் பிரிச்சு, சிலிண்டரைக் கடைஞ்சு, பிஸ்டன் மாத்தணும். நாளும் ஆகும், செலவும் ஜாஸ்தி. அதுக்குப் பதிலா, அடிபட்ட வண்டியிலேர்ந்து நல்ல எஞ்சினா ஒண்ணு எடுத்து வச்சா சீக்கிரம் முடிஞ்சிடும். என்ன, எஞ்சின் நம்பர் மாறும். வண்டி யார் பேர்ல இருக்கோ அவங்களே பதிவு ஆபீசுக்குப் போய், கையெழுத்துக்குப் பதிலா தன் பேர் முத்திரையை வைக்கணும்.”

பெய்-லினின் கை நின்றது.

“அப்போ வேண்டாம்ணே. இதையே சரி பண்ணுங்க. அவர் வந்தா முதல்ல பானட்டைத்தான் தூக்கிப் பார்ப்பாரு. வேற எஞ்சின் இருந்தா நான் என்ன பதில் சொல்லுவேன்?”

“மீன் நாத்தம் புடிச்ச வண்டிக்கு என்னடி இவ்வளவு பூசை?” போ-ஜூ அக்கா பாய்ந்தாள். “மாத்துன்னா மாத்து!”

“அத்தை, இது அவர் சம்பாதிச்சு வாங்கினது...”

“யார் வாங்கினா என்ன? செத்த எஞ்சின் செத்ததுதான்!”

பெய்-லின் உதட்டைக் கடித்துக்கொண்டாள். “கடையில மீன் கிடக்கு, நான் போறேன்” என்று முணுமுணுத்துவிட்டு வெளியே நடந்தாள்.

“லாரியில ஏறிக்கங்களேன்” என்றான் அ-ரென்.

காதில் விழாதவள் போல வெயிலில் நடந்தாள். அவனும் லாரியை உருட்டிக்கொண்டே பின்னால் போனான்.

எனக்கு வந்ததே கோபம்!

“ஏன்க்கா, நீங்கெல்லாம் ஒரு தாயா? பெத்த பிள்ளையோட வண்டி! அந்தப் பொண்ணு புத்தாண்டு ராத்திரி விருந்துல இன்னமும் அவன் நாற்காலியில சட்டையை மாட்டி, கிண்ணமும் சாப்பிடற குச்சியும் வச்சுட்டுக் காத்திருக்கு. உங்களுக்குக் கல்லு மனசுக்கா!”

பதிலுக்குக் கத்தித் தீர்ப்பாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“தம்பி, முத்திரை வைக்கணும்னு சொன்னியே. ஜுன்-வெய் எங்கேர்ந்து வந்து வைப்பான்?”

“அவன் இல்லாட்டி... வண்டியை உங்க மருமக பேருக்கு மாத்தணும்.”

“அதுக்கு?”

“அதுக்கு, அவன் உயிரோட இல்லைன்னு கோர்ட்ல எழுதிக் கொடுத்து...”

“அதை அவ எழுதிக் கொடுக்கணும்ப்பா. அப்பதான் அவளுக்கு இன்னொரு வாழ்க்கை. அந்த ஐஸ்காரன் தினமும் வந்து அவ பெட்டியெல்லாம் இறக்கி வைக்கிறான். ஒரு வார்த்தை தப்பாப் பேசினதில்லை. இவ நிமிர்ந்து பார்த்தாத்தானே? இன்னும் எத்தனை விருந்துக்குக் காலிக் கிண்ணத்தை வச்சுக்கிட்டு உட்கார்ந்திருப்பா?”

“இதை அவகிட்டயே சொல்லலாமேக்கா?”

“சொல்லாமலா? ‘உங்களைத் தனியா விட்டுட்டு எங்கேயும் போக மாட்டேன் அத்தை’ன்னு கையைப் புடிச்சுக்கிட்டு அழறா. அதான் இப்படி நாய் மாதிரி குரைக்கிறேன். என் மேல வெறுப்பு வந்தாலாவது கிளம்புவா.”

என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. ஸ்பேனரைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டேன்.

“இந்த எஞ்சினைச் சரி பண்ணவே முடியாதுன்னு சொல்லிடு தம்பி. நீ சொன்னா நம்புவா.”

பொய் சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்றால் என் வாடிக்கைக்காரர்கள் சிரிப்பார்கள். ஆனாலும் இந்தப் பொய் அவ்வளவு சுலபமாகத் தெரியவில்லை. சரி என்று தலையை ஆட்டினேன்.

போ-ஜூ அக்கா எழுந்தாள். பானட் மேல் பெய்-லின் போட்டுவிட்டுப் போன துணியை எடுத்து மடித்து வைத்தாள். வாசல்வரை போனவள் திரும்பி வந்தாள்.

“தம்பி... கழட்டின எஞ்சினைக் காயலான் கடையில போட்டுடாதே. அவ கடையில இருக்கற நேரமாப் பார்த்து, வீட்டுக் கொல்லையில விறகுக்குப் பின்னால மறைவா இறக்கிடு. என் பிள்ளை வந்தா முதல்ல அதைத்தான் கேட்பான்.”