இரும்பு மட்டும்

"நான் இருக்கிற வரைக்கும் என் மருமக கழுத்துல இருந்து தாலி இறங்காது!"

கிள்ளான் மருத்துவமனையில் நான் ஸ்கேன் எடுக்கும் எம்.ஆர்.ஐ. அறையின் வாசலில் அஞ்சலை ஆன்டி கத்திக்கொண்டிருந்தார். சக்கர நாற்காலியில் ஆறு மாத வயிற்றைப் பிடித்தபடி மருமகள் சுபாஷினி சுருண்டிருந்தாள். மகன் கிரிதரன் சுவரோரம் நின்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"ஆன்டி, வலி குடல்வாலாலயான்னு அல்ட்ராசவுண்டுல சரியா தெரியல. இது காந்தம், வயித்துப் பிள்ளைக்கு ஒன்னும் ஆகாது. ஆனா நகையோட உள்ள போகக்கூடாது. குடல்வால் வெடிச்சா ரெண்டு உசுருக்கும் ஆபத்து லா!"

"என் மகன் குத்துக்கல்லாட்டம் நிக்கிறான். தாலிய கழட்டினா அவனுக்கு என்ன ஆவும்? தங்கத்த காந்தம் இழுக்குமா?"

இனிமேல் வாதாடினால் அந்தப் பெண் தாங்கமாட்டாள்.

"சரி, தங்கத்த டேப் போட்டு ஒட்டிடறேன். ஆனா தாலியில மாட்டியிருக்கிற ஊக்கு இரும்பு. அது உள்ள போகவே கூடாது."

"ஊக்கு மாட்டாத பொம்பள எங்க இருக்கா? ஏய், அத மட்டும் கழட்டிக் குடு!"

சுபாஷினி மாமியாரை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஊக்கைத் திறந்தாள். தாலிச் சங்கிலி இரண்டாகப் பிரிந்து அவள் மடியில் விழுந்தது.

"தீபாவளியன்னிக்குக் குடிச்சிட்டு வந்து உங்க மகன் அறுத்தது, அத்தை," என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு. "அன்னிலேருந்து இந்த ஊக்குதான் புடிச்சிக்கிட்டு இருக்கு. அவருக்கு ஒன்னும் ஆகல."

என் பக்கம் திரும்பினாள்.

"என்னை உள்ள தள்ளுங்க, அக்கா."