சேர்மக்கனி அண்ணன் எடுத்த படம்

வேண்டாம் என்றுதான் சொன்னான்.

காதுக்கவசம் மாட்டிய கூட்டத்தில் அது யாருக்குக் கேட்கும்?

இயந்திரத் துப்பாக்கி அவன் கைக்கு வந்துவிட்டது. நினைத்ததைவிடக் கனம். குழாயின் சூடு முகத்தில் அடித்தது.

டெக்சாஸில் ஒரு பொட்டல்வெளி. மாதத்தில் ஒரு சனிக்கிழமை துப்பாக்கிச் சங்கத்துக்காரர்கள் இங்கே கூடுவார்கள். பழைய ஃபிரிட்ஜ், ஓடாத கார், எது கிடைத்தாலும் தூரத்தில் நிறுத்திச் சல்லடையாக்குவார்கள். மூன்று வருடமாக அவனும் வருகிறான். படம் எடுக்க மட்டும். துப்பாக்கியிலிருந்து தெறிக்கும் காலித் தோட்டாவை அந்தரத்தில் வைத்துப் பிடிப்பதில் அவனை மிஞ்ச அங்கே ஆள் இல்லை.

ஆனால் துப்பாக்கியைத் தொட்டதில்லை.

ஆசை இல்லாமல் இல்லை. விசாவில் இருப்பவன் துப்பாக்கி பிடிப்பது இங்கே குற்றம், விரல்கூட வைத்துவிடாதே என்று வக்கீல் சொல்லியிருந்தார். பதினொரு வருடமாக வேலை விசா. வருகிற செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்குக் கிரீன் கார்டு நேர்காணல். வீட்டில் மனைவி காகிதங்களை மூன்றாவது தடவையாக அடுக்கிக்கொண்டிருப்பாள்.

சேர்மக்கனி அண்ணன் தூத்துக்குடிக்காரர். குடியுரிமை வாங்கிப் பத்து வருடமாகிறது. அவனை இங்கே முதலில் கூட்டி வந்தவரும் அவர்தான், இப்போது துப்பாக்கியைக் கையில் திணித்தவரும் அவர்தான். அவனுடைய காதுக்கவசத்தை ஒரு பக்கம் தூக்கிவிட்டுக் கத்தினார்.

"எல்லார் படத்தையும் நீ எடுக்க. ஒம் படத்த எவம்ல எடுப்பான்? சும்மா பிடி."

பிடித்தான்.

விசையையும் அழுத்தினான். இரண்டு விநாடிதான்.

தோள் அதிர்ந்தது. தூரத்தில் ஃபிரிட்ஜ் கதவு கழன்று விழுந்தது. சந்தோஷமாகத்தான் இருந்தது. அதை ஏன் மறைக்க வேண்டும்? வாய்விட்டுச் சிரித்தான்.

அண்ணன் போனை இறக்கினார்.

துப்பாக்கியை மேஜையில் வைத்துவிட்டு அவன் ஓடிப் போவதற்குள் படம் சங்கத்தின் ஃபேஸ்புக் பக்கத்தில் ஏறிவிட்டது. யார் வேண்டுமானாலும் பார்க்கலாம். கீழே அவனுடைய முழுப்பெயர். வேலை பார்க்கும் கம்பெனியின் பெயர். நல்ல மனசுக்காரர், ஒன்றையும் விட்டுவைக்கவில்லை.

படமும் நன்றாக வந்திருந்தது. அதுதான் கொடுமை.

"அண்ணே, செவ்வாய்க்கிழமை," என்றான்.



அண்ணனின் முகம் வெளுத்துப்போனது. உடனே படத்தை அழித்தார். அதற்குள் ஆறு பேர் தங்கள் பக்கங்களில் பகிர்ந்திருந்தார்கள். ஆறு பேருமே அவன் எடுத்த படத்தைச் சட்டம் போட்டு வீட்டில் மாட்டியவர்கள்.

அண்ணன் ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினார். காரணத்தைச் சொல்ல முடியாது. சொன்னால் அதுவே பெரிய பேச்சாகிவிடும். கூச்சப்படுகிறான் என்று நினைத்து அவர்கள் சிரித்தார்கள். அழகாகத்தானே இருக்கிறாய் என்று ஒருவர் அவன் முதுகில் தட்டினார். நான்கு பேர் எடுத்துவிட்டார்கள். இரண்டு பேர் ஏற்கெனவே வண்டியைக் கிளப்பிப் போயிருந்தார்கள். போன் அடித்தால் எடுக்கவில்லை.

அண்ணன் திரும்பி வந்தார். காலித் தோட்டாக்கள் சிதறிக் கிடந்த மண்ணில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"பதினாலு வருசம் நானும் இதே விசாலதான் கெடந்தேன். எப்பிடிடே மறந்தேன்."

அவர் கண் கலங்கியிருந்தது.

அவன் அவரையே பார்த்துக்கொண்டு நின்றான். கோபம் வர வேண்டிய இடத்தில் பொறாமைதான் வந்தது.

எவ்வளவு நிம்மதியாக இருந்திருந்தால் அதை மறந்திருப்பார்.