தையல்காரர் வீட்டு ஆன்டெனா

"என்ன டிரைவரே, டிவி இன்னிக்கும் கட்டம் கட்டமாத்தானா?"

மதில் சுவருக்கு மேலே பக்கத்து வீட்டுத் தையல்காரரின் தலை முளைத்தது. கழுத்தில் அளவு நாடா. காலையில் இந்த ஒரு கேள்வியைக் கேட்காவிட்டால் மனிதருக்கு அன்றைக்கு ஊசியில் நூல் ஏறாது.

"ஆமாண்ணே. செய்தி வாசிக்கிற அம்மாவுக்கு மூக்கு ஒரு பக்கம், வாய் ஒரு பக்கம் போகுது" என்றார் பஸ் டிரைவர்.

"எங்க வீட்ல வந்து பாரு, பளிச்சுனு இருக்கும். அதே வானம்தான், அதே காத்துதான். ஆனா கைராசின்னு ஒண்ணு வேணுமே!"

கடகடவென்று சிரித்துவிட்டுத் தலை மறைந்தது.

சமையலறையில் நின்ற டிரைவர் மனைவிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. காசு பணம் இல்லாமல் ஆகாயத்திலிருந்து சும்மா வருகிற படம். அதில் கூடவா ஒரு மனுஷனுக்கு இத்தனை தலைக்கனம்?

"நீங்களும் பல்லைக் காட்டிட்டு நிக்கிறீங்களே, நறுக்குன்னு நாலு வார்த்தை கேட்டா என்ன?"

"விடு. பெரியவரு, ஏதோ சொல்லிட்டுப் போறாரு."

இவரும் பாவம், என்னதான் செய்யவில்லை? கம்பத்தை உயர்த்தினார். தண்ணீர்த் தொட்டி மறைக்கிறது என்று ஆன்டெனாவை மாடியின் மறுகோடிக்கு மாற்றினார். புது வயர் இழுத்தார். அப்படியும் மழைக்காலத்துக்கு முன்னால் இருந்த தெளிவு திரும்பவில்லை. நேற்று சீரியலில் மருமகள் உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தாள். திறந்த வாய் அப்படியே நின்றுவிட்டது. அவள் என்ன சொன்னாள் என்பது இந்தத் தெருவில் தையல்காரர் வீட்டுக்குத்தான் தெரியும்.

இன்று டிரைவருக்கு வார விடுமுறை. அவர் முகத்தில் சோப்பைக் குழைத்துப் பூசிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, அவள் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு மொட்டை மாடிக்கு ஏறிவிட்டாள்.

அங்கே பார்த்ததை அவளாலேயே நம்பமுடியவில்லை. ஆன்டெனாவுக்குக் கீழே, கைப்பிடிச் சுவர் மறைவில், ஒரு வயரை இரண்டாகப் பிரிக்கிற சின்ன ஸ்ப்ளிட்டர். ஒரு வயர் தன் வீட்டுக்கு இறங்கியது. இன்னொன்று சுவரோரமாகவே ஊர்ந்து, தையல்காரர் வீட்டு ஜன்னலுக்குள் போனது. அவருடைய சொந்த ஆன்டெனா எதிரே, தரையிலிருந்து எழும்பிய கம்பத்தின் உச்சியில், வயரே இல்லாமல் மொட்டையாக நின்றது.

"அடப்பாவி மனுஷா!"

ஸ்ப்ளிட்டரைக் கழற்றி முந்தானையில் முடிந்தாள். தன் வீட்டு வயரை நேராக ஆன்டெனாவில் திருகிவிட்டுத் தடதடவென்று இறங்கினாள்.

டிவியில் படம் பளீரென்று வந்தது. செய்தி வாசிப்பவரின் காதுத் தோடு வரைக்கும் தெரிந்தது.

"பார்த்தீங்களா? நம்ம வயர்ல இருந்து திருடிக்கிட்டு, நம்மளையே கிண்டல் வேற. இன்னிக்கு அந்த ஆளை நாலு பேர் முன்னாடி நாக்கைப் பிடுங்கிக்கிற மாதிரி கேட்கலேன்னா பாருங்க."

ஒரு கன்னத்தில் சோப்போடு நின்ற டிரைவரின் முகம் வெளுத்துவிட்டது.

"அதைக் கொடு."

"எதுக்கு?"

"கொடுன்னு சொல்றேன்ல."

பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு மாடிக்கு ஓடினார். அவள் பின்னாலேயே ஓடினாள்.

அதற்குள் மதிலுக்கு அந்தப் பக்கம் தையல்காரரின் குரல் கேட்டது. காலையில் கேட்ட குரலா இது என்றிருந்தது.

"டிரைவரே... உனக்குப் படம் வருதா? எனக்குத் திடீர்னு போயிடுச்சு. இப்பத்தான் என் வீட்டுக்காரியைத் தலையணை வச்சு உட்கார வச்சேன்."

அவள் வாயைத் திறக்கும் முன் டிரைவர் முந்திக்கொண்டார்.

"எனக்கும் வரலண்ணே. உங்க கம்பத்தை வழக்கம்போல ஒரு தட்டு தட்டிப் பாருங்க."

கீழே தையல்காரர் கம்பத்தைத் தேடிப் போனார். டிரைவர் அவசர அவசரமாக ஸ்ப்ளிட்டரைப் பொருத்தினார். கம்பத்தில் டொக்கென்று சத்தம் கேட்ட அதே நேரம், இவர் அந்த வயரை முடுக்கினார். பக்கத்து வீட்டு டிவி பேசத் தொடங்கியது.

"வந்துடுச்சு! உனக்கு?"

"எனக்குக் கட்டம் கட்டமாத்தான்ணே."

"அதான் சொன்னேனே, கைராசி! நீயெல்லாம் ஸ்டீயரிங் பிடிக்கத்தான்யா லாயக்கு!" மறுபடி கடகடவென்று சிரிப்பு.

டிரைவர் மனைவி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"இது உங்க வேலைதானா?"

"அவரு ஆன்டெனா மழையில துருப்பிடிச்சுச் செத்துப்போச்சு. அவரால மாடி ஏற முடியாது. கீழே நின்னு கம்பத்தைத் தட்டிட்டே இருந்தாரு. பார்க்கச் சகிக்கல. சத்தம் போடாம அவரு வயரைக் கழற்றி நம்ம ஆன்டெனாவுல சேர்த்து, நல்லா வர்ற பக்கத்தை அவருக்கே விட்டுட்டேன். தான் தட்டினதுலதான் வந்துச்சுன்னு நினைச்சுக்கிட்டாரு."

"சொல்லிட்டே கொடுத்திருக்கலாமே?"

"வாங்கிக்க மாட்டாரு. யார்கிட்டயும் கை நீட்டாத மனுஷன். இடுப்பு உடைஞ்சு படுத்திருக்கிற அவரு வீட்டு அக்காவுக்கு நாள் முழுக்க அந்த டிவியை விட்டா வேற துணையும் கிடையாது. ரெண்டு வீட்டுக்கும் நல்லா வர மாதிரி பண்ணத்தான் நானும் போராடிட்டு இருக்கேன்."

அவளுக்குக் கோபம் இறங்கியது. ஆனால் ஆறவில்லை.

"சரி, கொடுத்தது புண்ணியம். அதுக்காகத் தினமும் அவரு பேசறதையெல்லாம் கேட்டுக்கிட்டு இளிச்சவாயனா நிக்கணுமா?"

டிரைவர் கன்னத்தில் காய்ந்துபோன சோப்பைச் சுரண்டிக்கொண்டே சொன்னார்.

"அவரு என்னைக் கிண்டல் பண்றப்ப அவங்க வீட்டு ஜன்னல் பக்கம் காதைக் கொடுத்துப் பாரு. படுக்கையில விழுந்ததுக்கப்புறம் அக்கா சிரிக்கிறதே அதுக்கு மட்டும்தான்."