தர்மராஜா இறங்கும் இடம்

"இன்னைக்கு அந்த ஆளை பஸ்ல ஏத்த வேணாம் சேர்," என்றார் கொறற்றி டீச்சர். மாத்தளைப் பள்ளிக்கூடமான அந்தக் கல்லூரியின் கூடைப்பந்து அணிக்குப் பொறுப்பானவர் அவர்தான்.

கோச் அழகையா பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தார். கல்லூரி வாசலில் ஒரு பை நிறையத் தோடம்பழத்தோடு நின்றுகொண்டிருந்தார் தர்மராஜா. மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். இந்தக் கல்லூரியில் அவருக்குப் பிள்ளையும் இல்லை, பேரனும் இல்லை. ஆனால் அணி எங்கே தோற்கப் போனாலும் கூடவே வருவார்.

தோற்கத்தான் போனார்கள். போரால் வடக்குப் பாதை மூடிக் கிடந்த இரண்டாயிரத்து ஏழாம் வருஷம் அது. அனுராதபுரத்தில் தோற்றார்கள், பொலன்னறுவையில் தோற்றார்கள். சொந்த மைதானத்தில் இன்னும் மோசமாகத் தோற்றார்கள். பெற்றோர்கூட வருவதை விட்டுவிட்டார்கள். தர்மராஜா மட்டும் விடவில்லை.

"போன முறை பாதியிலயே கையை விட்டிட்டீங்கள். இண்டைக்குக் கடைசி மட்டும் ஓடினீங்கள்தானே! அது காணும், வேற என்ன வேணும்," என்பார், கத்திக் கத்திக் கட்டிப்போன தொண்டையோடு.

"மனுஷன் நல்லவருதான் டீச்சர்," என்றார் அழகையா.

"நல்ல குடிகாரர்னு சொல்லுங்க. ஒவ்வொரு தடவையும் திரும்பி வரும்போது தம்புள்ளை தாண்டி செக்பொயிண்ட்ல இறங்கிக்கிறாரா இல்லையா? 'நீங்க போங்கோ, நான் பிறகு வாறன்'ங்கிறாரு. பக்கத்துலயே சாராயத் தவறணை. மறுநாள் காலையில முதல் பஸ்ல கண்ணு செவந்து, சட்டையெல்லாம் கசங்கி வந்து இறங்குறதை நானே பாத்திருக்கேன். பையன்க முன்னால இதெல்லாம் நல்லாவா இருக்கு?"

அழகையாவும் அதைப் பார்த்திருந்தார்தான். இறங்கிப் போனார்.

"ஐயா, இன்னைக்கு நீங்க வரவேணாம்ங்க."

"ஏன் சேர், இடம் இல்லையோ? நான் நிண்டு கொண்டே வருவன்."

"இடம் இருக்குங்க. புள்ளைங்களோட போற பயணம். நாலு பேரு ஒரு மாதிரியாப் பேசுறாங்க. உங்களுக்கே தெரியும்."

தர்மராஜாவின் முகம் சுருங்கிவிட்டது. பஸ்ஸை ஒரு தடவை பார்த்தார். பின் ஆசனத்தில் நோபர்ட் இருந்தான். வடக்கே மன்னார்ப் பையன், விடுதியில் தங்கிப் படிக்கிறவன். அணியில் ஓரளவு விளையாடத் தெரிந்தவன் அவன் ஒருவன்தான்.

"சேர், திரும்பி வரேக்க அந்தச் செக்பொயிண்டில..."

"அந்தப் பேச்சே வேணாம்ங்க ஐயா," என்று கையைக் காட்டி நிறுத்தினார் அழகையா. "எங்களுக்கு எல்லாம் தெரியும்."

தர்மராஜா தோடம்பழப் பையை ஜன்னல் வழியாக நீட்டினார். "இடைவேளைக்குக் குடுங்கோ," என்றார். பஸ் புறப்பட்டது.

அன்றைக்கு என்ன நடந்ததோ, அணி வென்றுவிட்டது!

விசில் ஊத ஒரு நொடி இருக்கும்போது நோபர்ட் எறிந்த பந்து வளையத்தில் சுற்றி உள்ளே விழுந்தது. பையன்கள் ஒருவர்மேல் ஒருவர் விழுந்து கத்தினார்கள். கத்தி முடித்ததும் பழக்க தோஷத்தில் மைதான ஓரத்தைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஒருவரும் இல்லை.

"அங்கிள் பாத்திருக்க வேணும் சேர்," என்றான் நோபர்ட்.

அழகையாவுக்குச் சுருக்கென்றது. அத்தனை தோல்வியையும் வெயிலில் நின்று பார்த்த மனுஷன். வராது வந்த ஒரு வெற்றியை அவருக்குக் காட்டாமல் விட்டுவிட்டோமே!

"பாத்தீங்களா சேர்? அவரு வராததுதான் ராசி," என்று சிரித்தார் கொறற்றி டீச்சர்.

இருட்டத் தொடங்கும்போது செக்பொயிண்ட் வந்தது. வழக்கம்போல எல்லோரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, நடந்துபோய் மறுபக்கத்தில் பஸ் ஏறினார்கள். எப்போதும் நோபர்ட்டின் தோளில் கையைப் போட்டபடி கடைசியாக வருவது தர்மராஜா. இன்று வரிசையின் கடைசியில் நோபர்ட் தனியாக நின்றான். எல்லோரும் பஸ் ஏறிய பிறகும் அவன் வரவில்லை.

அழகையா திரும்பி ஓடினார். நோபர்ட்டின் அட்டை பொலிஸ் சார்ஜனின் கையில் இருந்தது. நோபர்ட்டுக்குச் சிங்களம் புரியவில்லை.

"பிறந்த இடம் மன்னார். விட முடியாது," என்றார் சார்ஜன் சிங்களத்தில். "மாத்தளையில விசாரிச்சு, பதில் வந்தாத்தான் போகலாம். காலையில ஆகும்."

"ஸ்கூல் பையன் சார்ஜன்! மேட்ச் விளையாடிட்டு வாறோம். எத்தனை தடவை எங்களோட இதே வழியாப் போயிருக்கான். ஒருநாளாவது பிடிச்சீங்களா?"

சார்ஜன் அவரை விநோதமாகப் பார்த்தார்.

"ஒவ்வொரு தடவையும் பிடிச்சோமே! 'பொடியன் போகட்டும், பதில் வர்ற வரைக்கும் அவனுக்குப் பதிலா நான் இருக்கேன்'னு உங்களோட வர்ற அந்த வயசான மாத்தயாதான் இந்த மர வாங்குல உக்காந்திருப்பாரு. விடிய விடிய ஒரு பொட்டுத் தூக்கம் இல்லாம. ஸ்கூலுக்குத் தெரிஞ்சா கரைச்சல்னு பையனை டீம்லேருந்து எடுத்துடுவாங்க, ஒருத்தருக்கும் சொல்லாதீங்கன்னு வேற கேட்டுக்கிட்டாரு."

சார்ஜன் பஸ் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"ஏன், இன்னைக்கு அவரைக் கூட்டிட்டு வரலையா?"