சுவருக்குள் இறங்கும் குழாய்

அண்ணனும் தம்பியும் அம்மாவை மாதம் மாற்றி வைத்துக்கொண்டார்கள். இந்த மாதம் மாடியில், தம்பி வீட்டில். அவள் கழிவறைக்குப் போகும்போதெல்லாம் கீழே அண்ணன் குணாளனின் தலைமாட்டுச் சுவருக்குள் தண்ணீர் இரைந்து இறங்கியது. அவள் இன்னும் தூங்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துகொண்டே இருந்தது.

பிளம்பர் சுவரை உடைத்து, குழாயில் தடித்த ஸ்பாஞ்சைச் சுற்றினார்.

“அடிக்கடி போறது யாரு சார்?”

“மேல ஒரு வயசானவங்க.”

பூசி முடித்து, மாடியில் தண்ணீர் ஊற்றச் சொன்னார்கள். ஒன்றும் கேட்கவில்லை. குணாளன் நிம்மதியாக மூச்சுவிட்டான்.

டீ கொண்டுவந்த மனைவி பொற்கொடி சுவரைத் தட்டிப் பார்த்துச் சிரித்தாள்.

“ஒண்ணாந்தேதி உங்கம்மா இங்க வந்துருவாங்க. அப்ப எதைச் சுத்துவீங்க?”

பிளம்பர் மிச்ச ஸ்பாஞ்சை எடுத்துப் பைக்குள் வைக்கப்போனார்.

“அது இங்கயே இருக்கட்டும்” என்றான் குணாளன்.