அகலமான குழாய்

பழைய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றில் ஒரு கார்புரேட்டர் முப்பது வருடமாகப் பெட்ரோலையும் காற்றையும் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காருக்கு இன்னும் வேகம் வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை வந்தது. அதனால் மெக்கானிக், கலவையை எஞ்சினுக்குள் கொண்டுபோகும் ஒல்லியான இரும்புக் குழாயைக் கழற்றிவிட்டு, பளபளவென்று அகலமான அலுமினியக் குழாய் ஒன்றை மாட்டினார்.

வந்ததும் வராததுமாக அது பேச ஆரம்பித்தது. "இத்தனை நாள் எப்படித்தான் மூச்சு விட்டீர்களோ, பாவம். இனிமேல் பாருங்கள், காற்று ஆறாகப் பாயும்."

"வேகமாக ஓடினால் பாயும்," என்றது கார்புரேட்டர். "மெல்லப் போகும்போது உன் அகலத்தில் காற்று சோம்பிவிடுமே. நான் கொடுக்கிற பெட்ரோலும் வழியிலேயே தங்கிவிடும். நம் முதலாளி தினமும் போவது கடைவீதி வழியாகத்தானப்பா."

"மெல்லப் போவதெல்லாம் உன்னைப் போன்றவர்களுக்கு," என்றது குழாய்.

மறுநாள் காலை கார் உறுமிக்கொண்டு கிளம்பியது. தெருமுனை வரை குழாயின் பெருமை தாங்க முடியவில்லை. கடைவீதியில் ஒரு காய்கறி வண்டிக்குப் பின்னால் ஊர வேண்டியிருந்தது. எஞ்சின் இரண்டு முறை இருமிவிட்டு நின்றுபோனது. முதலாளி திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்தார். கடைசியில் இறங்கி, வெட்கத்தை விட்டு நாலு பேரைக் கூப்பிட்டார்.

கார் மெதுவாக நகர்ந்தது.

"என்னைப் பார்க்க எத்தனை பேர் கூடவே வருகிறார்கள், கவனித்தாயா?" என்றது குழாய்.

தள்ளுகிறார்கள் என்று சொல்லத்தான் கார்புரேட்டர் வாயைத் திறந்தது. பிறகு, இதனிடம் போய்ச் சொல்வானேன் என்று மூடிக்கொண்டது.