மறுபடியும் உதவிக் கோச்

"நெஜமாவே இந்த வேலைக்கா வந்திருக்கீங்க, கோச்?" என்றான் டெரெக்.

மேஜைக்கு எதிரே உட்கார்ந்திருந்த ஆர்லன் கோஸ்கி சிரித்தார். அவரைத் தெரியாத ஐஸ் ஹாக்கிக்காரன் மினசோட்டாவில் கிடையாது. பெரிய பல்கலைக்கழக அணிக்குத் தலைமைக் கோச்சாக இருந்து தேசியக் கோப்பையை வாங்கிக் கொடுத்தவர். போன வசந்தத்தில் காரணம் சொல்லாமல் விலகிவிட்டார். இப்போது அங்கிருந்த வீட்டையும் விற்றுவிட்டு, இந்தச் சின்னக் கல்லூரியில் சம்பளமே இல்லாத உதவிக் கோச் இடத்தைக் கேட்டு வந்து நிற்கிறார்.

டெரெக் தலைமைக் கோச்சாக இருந்த இந்தக் கல்லூரி அணி போன சீசன் முழுக்கத் தோற்றிருந்தது. இந்த முறையும் சொதப்பினால் வேறு ஆள் பார்க்க வேண்டியிருக்கும் என்று கல்லூரி நிர்வாகம் ஜாடையாகச் சொல்லிவிட்டது. இந்த நேரத்தில் இப்படி ஒரு மனிதரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் தன் நாற்காலி எத்தனை நாள் தாங்கும்?

"நான் ஆரம்பிச்சதே இங்கதான், தெரியுமில்ல?" ஆர்லன் ஜன்னல் வழியே ஐஸ் தளத்தைப் பார்த்தபடி சொன்னார்.

ஆரம்பித்த அந்த நாட்களில் அவருக்குப் புதிதாகக் கல்யாணமாகியிருந்தது. பெயர்தான் உதவிக் கோச். பையன்களின் ஸ்கேட்டுகளைச் சாணை பிடிப்பது, நாறும் உடுப்புகளைத் துவைப்பது, வெளியூர் ஆட்டத்துக்குப் பஸ் ஓட்டுவது எல்லாம் அவர் தலையில். மனைவி மார்லிஸ் டிக்கெட் கவுண்டரில் உட்காருவாள். ஆட்டம் முடிந்து கூட்டம் கலைந்ததும் இருவரும் காலித் தளத்தில் இறங்குவார்கள். அவளுக்கு வேகமாகப் போகத் தெரியும், நிறுத்தத் தெரியாது. சுவரில் மோதித்தான் நிற்பாள், மோதிவிட்டு விழுந்து விழுந்து சிரிப்பாள்.

அப்புறம் டகோட்டாவில் ஒரு ஜூனியர் அணி, மிச்சிகனில் ஒரு கல்லூரி, கடைசியில் அந்தப் பெரிய பல்கலைக்கழகம். ஒவ்வொரு தடவையும் வீட்டைக் காலி செய்து மூட்டை கட்டியவள் மார்லிஸ். நல்ல ஆட்டக்காரர்களைத் தேடி அவர் கனடாப் பனியில் கார் ஓட்டிக்கொண்டிருந்தபோது இரண்டு பெண் குழந்தைகளையும் தனியாளாக வளர்த்தவளும் அவள்தான்.

"பேர் வாங்கினேன், இல்லேங்கல. ஆனா நாங்க ரெண்டு பேரும் சந்தோஷமா இருந்தது இந்த ஊர்லதான்."

டெரெக்கின் மனம் கொஞ்சம் இளகியது. சந்தேகம் மட்டும் போகவில்லை. சுற்றி வளைக்காமல் கேட்டுவிட்டான். "என் இடத்து மேல கண்ணா, கோச்?"

"உன் இடம் எனக்கு எதுக்கு தம்பி? ஆட்டத்தப்ப பெஞ்சு பக்கம்கூட வரமாட்டேன். காலையில உள்ள வர்றதுக்கு ஒரு சாவி, சாயங்காலம் வரைக்கும் செய்ய ஏதாவது வேலை. பசங்க உடுப்பைத் தொவைக்கச் சொல்லு, தொவைக்கிறேன்."

"அதுக்காகவா வீட்டை வித்துட்டு இவ்வளவு தூரம் வந்தீங்க? உங்க வீட்டம்மா எப்படி ஒத்துக்கிட்டாங்க?"

ஆர்லன் ஜன்னலிலிருந்து அவன் பக்கம் திரும்பினார்.

"அவளுக்கு ஞாபகம் போயிடுச்சு, டெரெக். மிச்சிகன், கோப்பை எதுவும் மனசுல இல்ல. கூடவே இருந்து பாத்துக்கற பெரிய பொண்ணைப் பக்கத்து வீட்டுக்காரின்னு நெனச்சிட்டிருக்கா. இந்த ஊர் மட்டும்தான் மிச்சம். தினமும் சாண்ட்விச் கட்டிக் குடுத்து, 'புது வேலை, லேட்டாப் போகாதீங்க'ன்னு என்னை அனுப்பிவைக்கிறா. ஒரு மாசமா அதை உங்க கார் பார்க்கிங்ல உக்காந்துதான் சாப்பிட்டுட்டிருக்கேன்."